பி.எல்.சி. பேனலில் கோளாறு பார்ப்பது எப்படி?

(நமது அறக்கட்டளை நடத்திய தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியில், ஆலைகளில் மின் கட்டுப்பாட்டுப் பணி செய்துவரும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். 'பி.எல்.சி. கோர்ஸ் முடித்தால் வெளிநாட்டில் வேலை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிற வாப்பாமார்களும் உம்மாமார்களும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

பி.எல்.சி. என்பது என்ன? உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்ததும் மிதவை சுவிட்ச் தகவல் சொல்கிறது. மோட்டார் ஓடுகிறது. நிரம்பியதும் நிற்கிறது. மிதவை சொல்வது இன்புட். மோட்டாரை ஓட்டச் சொல்வது அவுட்புட். 'குறைந்தால் ஓடு, நிறைந்தால் நில்' என்பது புரோகிராம். ஓர் ஆலையில் இதுபோல ஐந்நூறு மிதவையும் முந்நூறு மோட்டாரும் இருந்தால் அத்தனையையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிக்கிற சின்னக் கணினிதான் பி.எல்.சி.

முன்பெல்லாம் இதை அறை நிறைய ரிலேக்களை வைத்துச் செய்தார்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் அத்தனை வயரையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1968இல், இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்து கொடுத்த கருவிக்கு 'மோடிகான் 084' என்று பெயர். அது அவர்களுடைய 84ஆவது வேலை, அதனால் அந்த எண்.

இன்று நம் பக்கத்தில் அது இல்லாத இடம் குறைவு. தூத்துக்குடி அனல் மின் நிலையம், உர ஆலை, துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடங்கள், உப்பைச் சுத்தம் செய்து அயோடின் சேர்த்துப் பாக்கெட் போடும் ஆலைகள், இறால் மீன் உறைய வைக்கும் கம்பெனிகள், 2025இல் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை என்று எங்கே போனாலும் இருக்கும். வேம்பார்க் கருப்பட்டி இன்னும் கையால்தான் காய்ச்சுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் நம் கரைக்கு வரும் ஐஸ், ஏதோ ஓர் ஆலையின் பேனல் ஒழுங்காக ஓடுவதால்தான் வருகிறது.

சரி, கோளாறுக்கு வருவோம்.

மெஷின் நின்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, 'பி.எல்.சி. போச்சு'. நான் பார்த்த வரையில் பி.எல்.சி. உண்மையிலேயே போன சந்தர்ப்பம் மிகக் குறைவு. நேற்றுவரை ஓடிய புரோகிராம் இரவோடு இரவாகத் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிப்பது வயர். அதுவும் நம்முடைய கடற்கரைக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். ஸ்க்ரூ தளரும். ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் ரப்பர் காய்ந்து ஈரம் உள்ளே போகும். ஆகவே லேப்டாப்பைத் திறக்குமுன் கண்ணைத் திறங்கள்.

பி.எல்.சி.யின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். ஒவ்வொரு இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் ஒன்று. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சென்சார் முன்னால் பொருள் வந்து நிற்கிறது, சென்சாரின் சொந்த விளக்கு எரிகிறது, ஆனால் பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்புட் எரிந்தும் அவுட்புட் விளக்கு வரவில்லை என்றால், புரோகிராம் வேறு ஏதோ ஒரு நிபந்தனைக்காகக் காத்திருக்கிறது. லேப்டாப்பை மாட்ட வேண்டிய இடம் இதுதான். அவுட்புட் விளக்கும் எரிந்து மோட்டார் ஓடவில்லை என்றால் இடையில் உள்ள ரிலே, கான்டாக்டர் காயில், பியூஸ், ஓவர்லோடு என்று வெளியே தேடிப் போங்கள். எங்கே தேட வேண்டாம் என்று தெரிந்துகொள்வது இதில் பெரிய லாபம்.

ஓர் ஐஸ் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அமோனியா கம்ப்ரஸர். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் 'ஹை பிரஷர்' என்று காட்டி நின்றுவிடும். கேஜைப் பார்த்தால் அழுத்தம் சரியாகவே இருக்கிறது. பிரஷர் சுவிட்சை மாற்றினார்கள், தீரவில்லை. பி.எல்.சி. கார்டையும் மாற்றினார்கள், பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் ஒருவர் அந்த சுவிட்ச் வயரை பேனலுக்குள்ளேயே பைபாஸ் செய்துவிட்டார். கம்ப்ரஸர் ஜோராக ஓடியது. முதலாளிக்கும் சந்தோஷம்.

நான் போனபோது அந்த பைபாஸ் வயர் உள்ளேதான் இருந்தது. முதலில் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லி, அதைக் கழற்றினேன். இதற்கு முன் பார்த்தவர் சுவிட்சிலிருந்து வரும் வயரை பி.எல்.சி.யிலிருந்து கழற்றி மீட்டர் வைத்திருக்கிறார். 24 வோல்ட் முழுதாகக் காட்டியிருக்கிறது. 'வயர் நல்லாயிருக்கு' என்று முடிவு செய்துவிட்டார். நான் வயரை மாட்டியபடியே, கம்ப்ரஸரை ஓடவிட்டு, கேஜ் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி வைத்து மீட்டரைப் பிடித்தேன். அதிர்வு கூடக் கூட 24 இறங்கிக்கொண்டே வந்து 11 வோல்ட்டில் நின்றது. இந்த வகை இன்புட் 'ஆன்' என்று ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 15 வோல்ட் வேண்டும்.

கழற்றி வைத்த வயரில் மின்னோட்டம் கிடையாது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் வோல்ட்டும் இறங்காது. எத்தனை மோசமான இணைப்பாக இருந்தாலும் மீட்டர் 24 காட்டும். மாட்டியபோதுதான் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் போகிறது, அரித்துப்போன இணைப்பில் வோல்ட் விழுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு டெர்மினலாகப் பார்த்துக்கொண்டே போனேன். கண்டன்ஸர் பக்கத்தில் இருந்த ஜங்ஷன் பாக்ஸில், செம்பு முழுக்கப் பச்சையாகி ஸ்க்ரூவுக்கு அடியில் பொடியாகிக் கிடந்தது. வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, ஃபெருல் போட்டு, புது டெர்மினலில் முறுக்கினோம். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அந்த பைபாஸ் அப்படியே இருந்திருந்தால்? தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு சுவிட்சுகளை, சாதாரணமாக மூடியிருந்து ஆபத்தில் திறக்கிற மாதிரிதான் இணைப்பார்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அந்தக் கம்ப்ரஸர் நின்றது கோளாறே அல்ல, 'எனக்குச் செய்தி வரவில்லை, ஓட மாட்டேன்' என்று அது தன் வேலையைச் செய்தது. அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டினால், உண்மையிலேயே அழுத்தம் ஏறும் நாளில் நிறுத்த ஆளில்லை. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு கடல் உணவு ஆலையில் அமோனியா கசிந்து, வேலையில் இருந்த பெண்கள் பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் காரணத்தை நான் இங்கே ஆராயவில்லை. அமோனியா கசிந்தால் யார் மாட்டுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முதலாளி அல்ல, நம் ஊர்களிலிருந்து வேனில் போகிற பெண்கள். ஆகவே யார் சொன்னாலும் பாதுகாப்பு சுவிட்சைப் பைபாஸ் செய்யாதீர்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பும் அப்படித்தான். அது சாதாரண பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. அழுத்தினால் கான்டாக்டர் காயிலுக்குப் போகும் மின்சாரமே நேராக அறுபட வேண்டும்.

இன்னும் சில கோளாறுகள். புது சென்சார் மாற்றியதும் வேலை செய்யவில்லை என்றால் பி.என்.பி.யா, என்.பி.என்.னா என்று பாருங்கள். மூன்று வயர் சென்சாரில் பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். பி.என்.பி. கறுப்பில் பிளஸைத் தரும், என்.பி.என். மைனஸைத் தரும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கடைக்காரரும் கேட்காமல் கொடுத்துவிடுவார்.

டேங்க் மட்டம், வெப்பம் இவற்றைச் சொல்லும் சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? டேங்க் காலி என்றால் 4 வரும், வயர் அறுந்தால் 0 வரும். இரண்டையும் பிரித்தறியத்தான் இந்த ஏற்பாடு. இந்தச் சிக்னல் காரணமில்லாமல் துள்ளினால், பக்கத்தில் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் ஒரே டிரேயில் கிடக்கிறதா என்று பாருங்கள். தள்ளிப் போடுங்கள். குறுக்கே போயே தீர வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். சிக்னல் கேபிளின் ஷீல்டைப் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வார்கள், இதில் அந்தக் கருவியின் கையேடு சொல்வதே முடிவு.

மல்டிமீட்டர் சில நேரம் ஏமாற்றும். ஒன்றும் இணைக்காத நீளமான வயர், பக்கத்து வயரின் தூண்டலால் 60, 80 வோல்ட் காட்டும். ஒரு பல்பை வைத்தால் எரியாது. பழைய வயர்மேன்கள் டெஸ்ட் லாம்ப் வைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

பேனலில் 24 வோல்ட் இருக்கும் அதே பெட்டியில் 415 வோல்ட்டும் இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டோம் என்று கை வைக்காதீர்கள். வேறு பேனலிலிருந்து வரும் இன்டர்லாக் வயரில் மின்சாரம் அப்படியே இருக்கும். அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். அந்த மீட்டரையும் முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பெற்றோருக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் திரையில் லேடர் வரைவதை மட்டும் சொல்லிக் கொடுத்துச் சான்றிதழ் தருகிற இடத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். சேருமுன் பிள்ளையோடு நீங்களும் போய், 'பேனல் எங்கே? வயரைப் பிள்ளைகள் கையால் மாட்டுவார்களா? கோளாறு போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா?' என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் 4.0 தொழில்நுட்ப மையங்கள் தொடங்கியிருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். எந்த பிராண்டு என்பது பெரிய விஷயம் இல்லை. சீமென்ஸ், மிட்சுபிஷி, டெல்டா எதில் கற்றாலும் மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். வரைபடத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் எதிலும் நிற்க முடியாது. வளைகுடாவில் நேர்முகத் தேர்வில் என் கையில் கொடுத்ததும் ஒரு வயரிங் வரைபடம்தான்.

இன்ஷா அல்லாஹ், அறக்கட்டளை வாங்கியிருக்கும் பயிற்சிப் பலகையில் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் பழகலாம். ஒரு சின்ன பி.எல்.சி., இரண்டு சென்சார், ஒரு கான்டாக்டர், நான்கு ரிலே இருக்கின்றன. நான் ஒரு வயரைக் கெடுத்து வைப்பேன், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் கேட்டிருக்கிறார்கள், காலையில் வைத்துக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். செருப்பு அல்லாமல் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வாருங்கள், மோதிரம், கைச்சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.