தகுதியை அளக்கும் தராசு

(சங்கத்தின் கல்வி விருது நாளில் ஆற்றிய உரை)

 

பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு மசாலைச் சாமான் வியாபாரம் செய்பவன் நான். எங்கள் தொழிலில் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தராசு மீது ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விருதும் அப்படித்தான். வாங்கியவர் தகுதியானவராக இருப்பது மட்டும் போதாது; வாங்காதவரும் தராசை நம்ப வேண்டும். பிரிட்டனில் மூத்த மருத்துவர்களுக்குக் கொடுக்கப்படும் விருதின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1948-இல் அங்கே தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. தனியார் சிகிச்சையில் நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்த நிபுணர்களை அரசாங்க மருத்துவமனைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு சம்பளம் கொடுக்க இயலாது. ஆகவே சிறந்தவர்களுக்கு மட்டும், சம்பளத்துக்கு மேல், ஆண்டுதோறும் கூடுதல் தொகை தர ‘தகைமை விருது’ ஏற்படுத்தினார்கள். சர்ச்சிலின் மருத்துவரான மோரன் பிரபு விருதுக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் யாருக்குக் கிடைக்கிறது என்பது பல ஆண்டுகள் ரகசியமாக இருந்தது. பக்கத்து அறையில் இருப்பவர் வாங்குகிறாரா என்றுகூடத் தெரியாது. மூத்தவர்களின் பரிந்துரைதான் வழி. விளைவு என்ன? இதய அறுவை சிகிச்சை போன்ற துறைகளுக்கு விருது அதிகம். முதியோர் மருத்துவத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் குறைவு. பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதோருக்கும் குறைவு.

அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன் என்ற இரு மருத்துவர்கள், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை ஆங்கிலப் பெயரிலும் ஆசியப் பெயரிலும் மருத்துவமனை வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலப் பெயர்கள் ஏறக்குறைய இரு மடங்கு தேர்வாகின. 1998-இல் விருதுப் பட்டியலையும் ஆராய்ந்தார்கள். வெள்ளையர் அல்லாதோர் அதிலும் பின்தங்கியே இருந்தார்கள். அவர்களில் பலர் புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள், விருது குறைந்த துறைகளில் இருப்பவர்கள் என்று காரணம் சொல்லலாம். அப்படியானால், முதியவர்களைக் கவனிக்கும் துறைக்கு ஏன் விருது குறைந்தது என்று அடுத்த கேள்வி எழும்.

தராசைப் பலமுறை பழுதுபார்த்தார்கள். கொவிட் காலத்தில் மருத்துவமனை அளவிலான விருதுப் போட்டியை நிறுத்தி, பணத்தைத் தகுதியுள்ள மூத்த மருத்துவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். 2022-இல் இங்கிலாந்தின் தேசிய விருதைத் திருத்தினார்கள். இப்போது ஆண்டுக்கு 20,000, 30,000, 40,000 பவுண்டு என மூன்று நிலைகள். 5 ஆண்டுகளுக்கு மட்டும். பகுதி நேரம் வேலை செய்பவருக்கும் முழுத் தொகை. பிள்ளை வளர்ப்புக்காக நேரத்தைக் குறைத்துக்கொண்ட பெண் மருத்துவருக்கு இது பெரிய மாற்றம். 2024-இல் சம்பள ஒப்பந்தத்தின்போது மருத்துவமனை அளவிலான விருதை முடித்து, அந்தப் பணத்தைச் சம்பளச் சீர்திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சமமாகப் பங்கிடுவது எளிது. யார் மனமும் நோகாது. ஆனால் கூடுதலாக உழைத்தவருக்கு ஒரு சொல் பாராட்டும் இல்லாமல் போய்விடும். அதனால் விருதை ஒழிக்கச் சொல்ல நான் வரவில்லை. தராசைச் சபை நடுவில் வையுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

நம் சங்கத்துக்கு 50 வயது. கடையநல்லூர், தென்காசி, கூத்தாநல்லூர் என்று ஊர் ஊராக வந்த நம் பெரியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். எந்த வீட்டில் கஷ்டம், எந்தப் பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்லாமலே தெரியும். அன்று பரிந்துரை போதுமானதாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் தீவு முழுதும் பரவியிருக்கிறார்கள். கூட்டங்களுக்கு வர நேரமில்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகப் பரிந்துரைக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே பெரியவர்களிடம் நான்கு வேண்டுகோள். ஒன்று, யாருடைய பரிந்துரையும் இல்லாமல் மாணவரே விண்ணப்பிக்கலாம் என்று அறிவியுங்கள். இரண்டு, முதல் சுற்றில் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர் மூன்றையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். மூன்று, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களுக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் தனி இடம் ஒதுக்குங்கள். காலையில் வகுப்பும் மாலையில் அத்தாவின் கடையும் என்றிருக்கும் பிள்ளையை மதிப்பெண் மட்டும் வைத்து அளக்க முடியாது. நான்கு, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எந்த அடிப்படையில் என்று ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். குழுவினரின் உறவுப் பிள்ளை விண்ணப்பித்தால் அவர் அந்த ஆண்டு ஒதுங்கியிருப்பதும் நல்லது.

இதற்குச் செலவு அதிகமில்லை. இன்று விருது வாங்கும் பிள்ளைகளுக்கும் இதில் இழப்பில்லை. எல்லார் கண்முன்னும் நிறுத்து வாங்கிய பரிசுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.