பையில் சாதி இல்லை, தூரத்தில் இருக்கிறது

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளையொட்டி மதுரையில் நடந்த குருதிக்கொடை முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரத்த வங்கியில் ஆய்வக நுட்புநராக வேலை செய்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் ரத்தத்தை 1950 வரை தனியாகப் பிரித்து வைத்தது. இத்தனைக்கும் ரத்தச் சேமிப்பு முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான மருத்துவர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பினத்தவர். நம் ஊர் ரத்தப் பையில் கொடுத்தவரின் சாதி எழுதப்படுவதில்லை. தன் தெருவில் நம்மைச் செருப்புப் போட்டு நடக்கவிடாதவரின் உடம்பிலும் நம் ரத்தம் ஓடலாம். ஆனால் அந்தப் பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறதா?

சரக்கு வண்டியில் நின்றபடி வேலைக்குப் போகிறவர்கள் யார்? கிணறு வெட்டுகிறவர்கள், சாரத்தில் ஏறுகிறவர்கள், சாதி வெறியர்களின் அரிவாளுக்கு ஆளாகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் மக்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பேரையூரிலிருந்து அதைவிட அதிகம். உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டர் போனவருக்கு சலைன் மட்டும் ஏற்றி அனுப்பினால், மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப்போகும், உறையும் தன்மையை இழக்கும்.

பெரிய மருத்துவமனையில் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றையும் தனித்தனியாக ஏற்றுவார்கள். பிளாஸ்மாவை உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும், ஏற்றும்முன் உருக்க வேண்டும். தட்டணு சாதாரணமாக 5 நாள்தான் தாங்கும், அதையும் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைக்க வேண்டும். சிற்றூர் மருத்துவமனையில் இத்தனைக்கும் வசதி செய்வது கடினம். பிரிக்காத முழு ரத்தத்தில் இந்த மூன்றும் ஒரே பையில் இருக்கின்றன. 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள் வரை வைக்கலாம். நாளாக ஆக உறையவைக்கும் ஆற்றல் குறையும் என்பதால், காயம்பட்டவருக்குப் புதிய பையே நல்லது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் முழு ரத்தத்துக்கே திரும்பினார்கள்.

ரத்தத்தைப் பிரிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கொடுத்தது மூன்று பேருக்குப் பயன்படுவது நல்லதுதான். விபத்துக்கென்று சில பைகளைப் பிரிக்காமல் வையுங்கள் என்கிறேன்.

அவசரம் என்பதற்காகச் சோதிக்காத ரத்தத்தை ஏற்றவும் முடியாது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தபோது நாடே பதறியது. ரத்தப் பிரிவும் பார்த்தாக வேண்டும். முழு ரத்தத்தில் பிளாஸ்மாவும் சேர்ந்திருப்பதால், 'ஓ' பிரிவு என்றாலும் எல்லோருக்கும் அப்படியே ஏற்றிவிட முடியாது.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆண்டுக்கு 2000 பைக்கு மிகாமல் பயன்படுத்தும் மருத்துவமனை, ரத்த வங்கிக்கான உரிமம் இல்லாமலே, அரசின் ஒப்புதலோடு சேமிப்பு மையம் நடத்தலாம். உரிமம் பெற்ற வங்கி சோதித்து அனுப்பும் முழு ரத்தத்தையும் அங்கே வைக்கலாம். வீணாகுமே என்பார்கள். காலாவதிக்குச் சில நாள் முன்பே தாய் வங்கிக்குத் திருப்பி அனுப்பினால், அங்கே அது பயன்பட்டுவிடும்.

ஆகவே தோழர்களே, இன்று ரத்தம் கொடுத்ததோடு நம் கடமை முடியவில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் மருத்துவமனைகளுக்கு மனுவோடு போவோம். இங்கே சேமிப்பு மையம் இயங்குகிறதா? இன்று எந்தப் பிரிவில் எத்தனை பை இருக்கிறது? அதில் முழு ரத்தம் எத்தனை? இரவு 2 மணிக்குப் பிரிவு பார்த்துக் கொடுக்க நுட்புநர் இருக்கிறாரா? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்போம். பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போவோம். கொடுத்த ரத்தம் நம் ஊர் வரை வரவேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

ஜெய்பீம்!