கேட்டதைக் கேட்டவாறே உரைக்கும் நிலையம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நாடகமும் நிகழ்வதே நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கினின்றும் சற்றே விலகி, அமெச்சூர் வானொலியைப் பற்றி, அதிலும் 'ரிப்பீட்டர்' எனப்படும் இடைநிலையத்தைக் கட்டிக் காக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பணித்தபோது மகிழ்ந்தோம், பின்னர்ச் சற்றுத் தயங்கினோம். இதனைப் பேசப் புகுந்தால், யாமும் எம் நண்பர் சிலரும் செய்த பிழை ஒன்றனை இவ்வவையில் சொல்லாமல் இருத்தல் இயலாது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

ஊதியம் கருதாமல், அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சொந்தக் கருவிகளைக் கொண்டு வானலை வழியே பிறரோடு உரையாடுவோரே அமெச்சூர் வானொலியார். 'ஹாம்' என்று உலகம் அவர்களை அழைக்கிறது. இவர்கள் வாணிகச் செய்தி அனுப்பலாகாது, மறைமொழியிற் பேசலாகாது. கற்பதும் கற்பிப்பதும், இடர் வந்துற்றபோது ஊருக்கு உதவுவதுமே இவர்தம் தொழில்.

இக்கலைக்கும் நாம் குடியேறி வாழும் இந்நகருக்கும் உள்ள உறவு பழமையானது. 1850ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் மின்தந்திக் கம்பி, அந்நாளைய கல்கத்தாவிலிருந்து டயமண்டு ஹார்பர் வரை சோதனையாக இழுக்கப்பட்டது. இழுத்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷாக்னசி என்பார். 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் இந்நகர மண்டபத்திலே கம்பியின்றி மின்னலைகளைச் சுவர்கடந்து செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வானின் மேலடுக்குகளை ஆராய்ந்து புகழ்பெற்ற சிசிர் குமார் மித்ரா, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலிக் கல்விக்கு வித்திட்டார். அவர் தம் இளமையில் யாருடைய வழிகாட்டுதலில் ஆராய்ந்தார் தெரியுமா? இந்நகரில் அப்போது பணியாற்றிய நம் சர். சி. வி. இராமனுடைய வழிகாட்டுதலில்! தமிழ்நாட்டு அறிவும் வங்கத்து அறிவும் இவ்வாறு ஒரே ஆய்வுக்கூடத்தில் கைகோத்தன.

1923இல் பம்பாயிலும், பின்னர் இந்நகரிலும் வானொலிக் கழகங்கள் ஒலிபரப்பைத் தொடங்கின. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் பிறந்து, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பியது. அரசு தொடங்கும் முன்னரே ஆர்வலர்கள் தொடங்கினர். ஆயினும் மூன்றே ஆண்டுகளில், 1927 அக்டோபரில், பொருள் முடையால் சென்னைக் கழகம் ஒலிபரப்பை நிறுத்திற்று. கருவி சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. 1930இல் மாநகராட்சி மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. கட்டுவதற்கு இருந்த ஊக்கம் காப்பதற்குப் போதவில்லை. இக்கருத்தை நினைவில் இருத்துங்கள். இவ்வுரை முழுவதும் இதனையே சுற்றி வரும்.

இனி ரிப்பீட்டர் என்றால் என்ன என்பதைக் காண்போம். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை நம் வானொலியார் 'அஞ்சல் செய்தல்' என்பர். ரிப்பீட்டரும் அஞ்சல் செய்யும் நிலையமே. அது தானாக ஒன்றும் பேசாது. ஓர் அலைவரிசையில் வரும் குரலைக் கேட்டு, அதே நொடியில் வேறோர் அலைவரிசையில் வலிமை கூட்டி உரைக்கும்; கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

இதன் தேவை நிலவுலகின் வளைவிலிருந்து பிறக்கிறது. இவ்வகை உரையாடலுக்கு நாம் பயன்படுத்துவன 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 'இரண்டு மீட்டர்' அலைகள். இவை ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்வன. எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கிச் சிறிது கூட்டினால், தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கையில் கருவி ஏந்தித் தெருவில் நிற்பவர்க்கு அது 5 கிலோமீட்டர். கட்டடங்கள் நெருங்கிய இந்நகரில் அதுவும் இரண்டு மூன்றாகக் குறையும். 64 மீட்டர் உயரத்தில் வைத்த ஏரியலுக்கோ 33 கிலோமீட்டர். எனவே அவ்வுயரத்தில் ஒரு ரிப்பீட்டர் நின்றால், சுற்றிலும் 38 கிலோமீட்டர் வரை உள்ள கைக்கருவிகள் அதனோடு பேசலாம். அதன் வழியே தமக்குள்ளும் பேசலாம்.

தமிழ்நாட்டு அன்பர்கள் இவ்வகையில் பேறுபெற்றவர்கள். சேர்வராயன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரியலை நிறுத்தினால் தொடுவானம் 160 கிலோமீட்டருக்கு விரியும். நம் கொல்கத்தாவில் மலை ஏது? கங்கை கொணர்ந்து பரப்பிய சமவெளியன்றோ இது! இங்கே மனிதன் கட்டிய மாடிகளே மலைகள். கங்காசாகர் தீவு இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நாம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கராந்தி நாளில் அங்கே இலட்சக்கணக்கான மக்கள் நீராடக் கூடுகின்றனர். கூட்டத்தில் வழிதவறிய முதியோரை உறவினரோடு சேர்க்கும் பணியை வங்கத்து அமெச்சூர் வானொலியார் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றனர். இங்கு ஒன்றும் அங்கு ஒன்றுமாக 64 மீட்டர்க் கோபுரங்கள் இரண்டு எழுப்பினும் 66 கிலோமீட்டரே எட்டும். இடையில், ஏறத்தாழப் பாதி வழியில் உள்ள டயமண்டு ஹார்பரில் ஓர் இடைநிலையம் நின்றால் குரல் சென்று சேரும். ஓஷாக்னசியின் கம்பி சென்ற ஊரே இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது!

கருவியின் உள்ளமைப்பைச் சிறிது கூறுவோம். ரிப்பீட்டர் 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600இல் உரைப்பதாகக் கொள்வோம். இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. கேட்பதும் உரைப்பதும் ஒரே ஏரியலில், ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். 20 வாட் ஆற்றலோடு உரைக்கும்போது ஏரியல் அடியில் 30 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலோ ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றினும் குறைவு. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை பத்துக்கோடி மடங்கு! தவில் வாசிப்பவர் தம் கையை நிறுத்தாமலே, பந்தலின் கடைசியில் ஒரு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது.

இவ்வருஞ்செயலைச் செய்து தருவது 'டியூப்ளெக்சர்' என்னும் உறுப்பு. அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள உலோக உருளைகள் நான்கோ ஆறோ சேர்ந்தது அது. உள்ளே வெள்ளிப் பூச்சு; நடுவே ஒரு தண்டு. தண்டினை மயிரிழை அளவு ஏற்றி இறக்கினால், ஓர் அலைவரிசைக்கு வாயில் திறக்கும், அடுத்ததற்கு மூடும். வெயிலின் வெப்பத்தால் உலோகம் நீண்டுவிட்டால் அமைப்புக் கெடும் என்பதற்காக, வெப்பத்தால் மிகச் சிறிதே நீளும் இன்வார் என்னும் உலோகக் கலவையால் தண்டினைத் தாங்கச் செய்வர். இதனைத் திருத்த ஒருநாள் பொறுமையோடு அமர வேண்டும்.

ஏனையவை எளியவை. ஒருவர் மறந்து விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் மூன்று நிமிடங்களில் நிலையத்தை அடக்கும் கடிகாரம் ஒன்று. தன் அழைப்புப் பெயரைத் தானே அறிவிக்கும் பொறி ஒன்று. மழைநீர் புகாதபடி முனை அடைத்த கேபிள். கால்பைசாகி இடிமழைக்கு அஞ்சி, ஆழ மண்ணிற் புதைத்த இடிதாங்கி. ரிப்பீட்டருக்கென நடுவண் அரசின் தனி இசைவும் பெறல் வேண்டும்.

எஞ்சியது பாட்டரி. இதுவே உயிர்நிலை. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து, உரைக்கும்போது 5 ஆம்பியரும், வாளா கேட்டிருக்கும்போது அரை ஆம்பியரும் செல்லும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் உரைப்பதாகக் கொண்டால் சராசரி 1.4 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியைச் செலவிட்டால், 35 மணி நேரம் நிலையம் பேசும். அதற்கு மேலும் பேச வேண்டுமாயின் கதிரவனை நாட வேண்டும். நல்ல வெயிலில் 100 வாட் சூரியத்தகடு ஒன்று நாள்தோறும் செலவாவதை ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடு அமெச்சூர் வானொலியார்க்கென 42.5 கிலோ எடையுள்ள 'ஹாம்சாட்' என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. அதுவும் விண்ணில் நின்று அஞ்சல் செய்த நிலையமே. ஒன்பது ஆண்டுகள் உழைத்த அதற்கு 2014இல் முடிவு வந்தது எதனால்? பாட்டரி பழுதுற்றதனால்!

இனி எம் பிழையைக் கூறுவோம்.

தெற்குக் கொல்கத்தாவில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மாடியில் யாமும் நண்பர் சிலரும் ஒரு சிறு நிலையத்தை அமைத்திருந்தோம். அமைத்த நாளில் மாலையிட்டோம், இனிப்பு வழங்கினோம், படம் எடுத்துக்கொண்டோம். முதலாண்டு திங்கள்தோறும் ஒருவர் மாடியேறிப் பாட்டரியில் வாலைநீர் ஊற்றி வந்தோம். இரண்டாம் ஆண்டில் அது மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆயிற்று. பின்னர், "அவர் பார்த்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் மற்றவரை எண்ணிக்கொண்டோம்.

2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் இந்நகரைத் தாக்கியது. கொரோனா ஊரடங்கு நிலவிய காலம் அது. வேரோடு சாய்ந்த மரங்கள் தெருக்களை மறித்தன, மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஓய்ந்தன. பல பகுதிகளில் இந்நிலை நாட்கணக்கில் நீடித்ததை நீங்கள் அறிவீர்கள். அன்றிரவு எம் நிலையம் மின்சாரம் நின்றபின் நாற்பது நிமிடங்கள் பேசிற்று. பின்னர் ஊமையாயிற்று.

மறுநாள், எம் தெருவில் உயிரோடு இருந்த ஒரே தொலைபேசிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நம் சங்கத்து மூதாட்டியார் ஒருவர் டாலிகஞ்சுக்கு அப்பால் தனியே வாழ்ந்திருந்தார். அவருடைய மகன், "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அம்மூதாட்டியார் வாழ்ந்த தெருவிலேயே எம் குழுவினர் ஒருவர் இருந்தார். அவர் கையிலும் கருவி இருந்தது. எம் கையிலும் கருவி இருந்தது. இடையே நின்று உரைக்க வேண்டிய நிலையம் மட்டும் வறண்ட பாட்டரியோடு வாளா நின்றது. இரண்டே நிமிடங்களில் சொல்லக்கூடிய விடையை அம்மகன் மூன்று நாட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் யாமே மிதிவண்டியைத் தள்ளியும் தூக்கியும் விழுந்த மரங்களைக் கடந்து சென்றோம். அம்மையார் நலமாகவே இருந்தார். எம்மைக் கண்டதும் அவர் முதலிற் கேட்டது இதுதான்: "நான் நன்றாக இருக்கிறேன் என்று என் மகனிடம் சொல்லிவிட்டீர்களா?"

எம்மிடம் விடை இல்லை.

அவர்க்குத் தீங்கு நேராதது எம் திறமையால் அன்று. புயலை எம்மால் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஒரு குடுவை வாலைநீரை ஊற்றியிருக்க முடியும்.

அதன்பின் நிலையத்தில் ஒரு குறிப்பேடு வைத்தோம். திங்களின் முதல் ஞாயிறன்று இருவர் மாடியேறுகின்றனர். மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, நிலையம் எத்துணை நேரம் பேசுகிறது என்று அளந்து, நாளிட்டுக் கையொப்பம் இடுகின்றனர். இதற்கு மாலை இல்லை, படமும் இல்லை. ஆயினும் எம் குழுவின் பணிகளில் இதனினும் பெரிது ஒன்றில்லை என்றே கருதுகிறோம்.

அன்பர்களே! நம் சங்கத்தாரிடம் யாம் பொருள் வேண்டி வரவில்லை. ஆட்களை வேண்டி வந்துள்ளோம். அரசின் விதிப்படி 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதி உரிமம் பெறலாம். பெண்களும் ஆண்களும் வருக. ஞாயிறுதோறும் மாலையில் இக்கட்டடத்திலேயே கற்பிக்க யாம் ஆயத்தமாக இருக்கிறோம். இவ்வாண்டில் பத்துப்பேர் தேறினால், லேக் மார்க்கெட் முதல் டாலிகஞ்சுக்கு அப்பால் வரை, தனித்து வாழும் நம் முதியோர் ஒவ்வொருவர்க்கும் அருகில் ஒரு குரல் இருக்கும். மற்றுமோர் வேண்டுகோள்: தனித்து வாழ்வோர் தம் முகவரியையும் ஊரில் உள்ள உறவினர் முகவரியையும் இன்றே செயலாளரிடம் தந்து செல்க. புயல் வந்தபின் அவற்றைத் தேட இயலாது.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள் நாம். "நலம்" என்னும் ஒரு சொல் வந்து சேராத நாளின் துன்பம் நமக்குத் தெரியும். அச்சொல்லைக் கேட்டு, கேட்டவாறே கொண்டு சேர்க்க ஒரு நிலையம் வேண்டும். அந்நிலையம் விழித்திருக்கின்றதா என்று மாடியேறிப் பார்க்க மனிதர் வேண்டும். நிலையத்தைக் கட்டிவிட்டோம். மாடியேற யார் வருகிறீர்கள்?



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!