மலைப்பூண்டும் நம்ம பேரும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் மலைக்கிராமக் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



கொடைக்கானலைப் பத்திப் பேசும்மான்னு சொன்னாங்க. ஏரி, தூண் பாறை, 12 வருசத்துக்கு ஒருதரம் பூக்கிற குறிஞ்சி (2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான்), இதெல்லாம் வர்ற டூரிஸ்ட்டுக்கே தெரியும். நான் வேற கணக்கு சொல்றேன்.

வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே பளியர்கள் இந்த மலையில் இருந்தாங்க. கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். அப்போது கார் ரோடு கிடையாது. டோலியில் உட்கார்ந்து ஏறி வந்தார்கள். கோக்கர் பேரில் நடைபாதை இருக்கு, பிரையண்ட் பேரில் பூங்கா இருக்கு. டோலி தூக்கினவங்க பேரில், எனக்குத் தெரிஞ்சு, ஒண்ணும் இல்லை.

நம்ம கதையும் அப்படித்தான் போயிட்டிருக்கு. சீசனில் லாட்ஜில் ரூம் பெருக்குறோம், கடைக்குச் சாக்லேட் பொட்டலம் கட்டுறோம். சீசன் முடிஞ்சா கேரட் காட்டுக் கூலி. கூட்டமும் இனி இஷ்டத்துக்கு ஏறாது. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். ரோடும் தண்ணியும் தாங்க வேண்டாமா? எனக்கு அது சரின்னுதான் படுது. ஆனால் கூட்டத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்கின நம்ம குழுக்கள் யோசிக்கணும்.

நம்மகிட்ட இருக்கிறது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அதற்கு முயற்சி எடுத்தது இதே ஊரில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெண்கள் வாங்கிக் கொடுத்த பேர்னு நான் பெருமையாச் சொல்லிக்குவேன். அந்தப் பேரால் நம்ம கைக்கு என்ன வந்தது? அப்படியே மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு அனுப்புறோம். அங்கே சொல்றதுதான் விலை. வடநாட்டுப் பூண்டையும் மலைப்பூண்டுன்னு விக்கிறாங்க. வாங்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியறதில்லை.

குறியீடு கிடைச்சதோட வேலை முடியலை. அந்தப் பேரைப் போட்டு விக்கணும்னா "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று சென்னை கிண்டியில் இருக்கிற பதிவகத்தில் பதியணும். ஒருதரம் பதிஞ்சா 10 வருசம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். "பட்டா வீட்டுக்காரர் பேர்ல இருக்கே, எனக்கு எப்படித் தருவாங்க?"ன்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. 1999-ம் வருசத்துச் சட்டத்தில் இதுக்குப் பதில் இருக்கு. விவசாயப் பொருளுக்கு, விளைவிக்கிறவங்க மட்டுமில்லை, பதப்படுத்துறவங்களும் பொட்டலம் கட்டுறவங்களும் உற்பத்தியாளர்தான். பூண்டைக் காயவெச்சு, புகை போட்டு, தரம் பிரிக்கிறது யாரு? நாமதானே! அந்த வேலையைக் குழுவின் பேரில் செய்து, பில் போட்டு, கணக்கு நோட்டில் ஏத்துங்க. நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால் அதுதான் காட்டணும்.

அரைக்கிலோ, ஒரு கிலோ வலைப்பையில் லேபிள் ஒட்டி மதி அங்காடியில் வைக்கலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம்ம ஊரில் அதுக்கு அபராதம் உண்டு. முதல் வருசமே பெரிய லாபம் வரும்னு நான் சொல்லமாட்டேன். தராசு, லேபிள், பதிவுக் கட்டணம்னு கைக்காசு போகும். அதைக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கடனாகத் தரணும்னு இன்னிக்கே தீர்மானம் போடக் கேட்டிருக்கேன்.

பூண்டு வேலை செய்யறவங்க, சொந்தக் காடு இல்லாமல் கூலிக்கு உரிக்கிறவங்க உட்பட, சாப்பாட்டுக்கு அப்புறம் பேர் கொடுங்க. நோட்டோட வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.