குடம் குடமாக ஒரு மழை



ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நாம் சொல்கிறோம். ஆங்கிலேயர் அதே கல்லை எறிந்து இரண்டு பறவைகளை வீழ்த்துகிறார்கள். போர்ச்சுகீசியரின் கையில் கல்லே கிடையாது. ஆடு மேய்க்கிறவன் ஊன்றி நிற்பானே, அந்த வளைந்த தடிதான் இருக்கிறது. அதை ஓங்கி ஒரு போடு, இரண்டு முயல்கள் சாய்கின்றன. ஆங்கில மரபுத்தொடரை எடுத்து, அதற்கு இணையான போர்ச்சுகீசியத் தொடரைப் பக்கத்தில் நிறுத்தி விளக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு கலை.

அந்தக் கலை கைகூடாமல் போனதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1855இல் பாரிசில், போர்ச்சுகீசியர் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு கையேடு வெளிவந்தது. எழுதியவர் பெத்ரோ கரோலீனோ. ஜோசே த ஃபொன்சேகா முன்பே எழுதியிருந்த போர்ச்சுகீசிய–பிரெஞ்சு நூலை எடுத்துக்கொண்டு, ஒரு பிரெஞ்சு–ஆங்கில அகராதியின் துணையோடு அவர் சொல்லுக்குச் சொல் மாற்றினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கொட்டும் மழையைப் போர்ச்சுகீசியர் ‘ஷூவேர் அ காந்தரூஷ்’ என்பார்கள், குடம் குடமாகப் பெய்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் அந்த மழை பூனையும் நாயுமாகக் கொட்டும். கரோலீனோவோ குடத்தைத் தூக்கி அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார். சுவருக்கும் காது உண்டு என்பது ஆங்கிலம், போர்ச்சுகீசியம், தமிழ் மூன்றுக்கும் பொதுவான பேச்சு. அதில்கூடக் காதுக்குப் பதில், காற்றுவாக்கில் வரும் செய்தியைக் குறிக்கும் சொல்லைப் போட்டுவிட்டார். 1883இல் மார்க் ட்வைன் முன்னுரையோடு அமெரிக்கப் பதிப்பு வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் படித்துப் படித்துச் சிரித்தார்கள்.

எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதைதான் வருகிறது. பழமொழிகளுக்கும் மரபுத்தொடர்களுக்கும் அவர் தனிப் பகுதியே ஒதுக்கியிருந்தார். ஒரு மொழியின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தொடரைக் கொண்டுபோனவர், அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பதை விட்டுவிட்டார்.

எல்லாத் தொடருக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. அநியாய விலை என்றால் ஆங்கிலேயர் ஒரு கையும் ஒரு காலும் கொடுக்கிறார், போர்ச்சுகீசியர் முகத்திலிருக்கும் கண்களைக் கொடுக்கிறார், நமக்கு அது யானை விலை குதிரை விலை. இவற்றை அடுத்தடுத்து எழுதினால் போதும், புரிந்துவிடும். சில தொடர்கள் அப்படி விடுவதில்லை.

பிரேசிலில் ‘பாரா இங்லேஸ் வேர்’ என்பார்கள். ஆங்கிலேயர் பார்ப்பதற்காக என்பது நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் இதற்கு இணையாக, கடையின் முகப்புக் கண்ணாடியை ஜோடித்து வைப்பது என்ற தொடரைக் காட்டுவார்கள். பொருள் சரிதான். ஆனால் கதை வேறு. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றி வரும் வணிகத்தை நிறுத்தும்படி பிரிட்டன் பிரேசிலை நெருக்கி, 1826இல் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டது. 1831 நவம்பர் 7 அன்று பிரேசில் சட்டம் இயற்றியது. வெளியிலிருந்து கொண்டுவரப்படும் அடிமைகள் யாவரும் சுதந்திரர் என்றது அந்தச் சட்டம். சட்டம் ஏட்டில் கிடந்தது, கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அதற்குப் பிறகும் லட்சக்கணக்கானவர்கள் விலங்கோடு கரையிறக்கப்பட்டார்கள். 1850இல் வந்த இன்னொரு சட்டம்தான் அந்த வணிகத்தை உண்மையில் முடக்கியது. அடிமைமுறையே ஒழிய 1888 ஆயிற்று. அந்த 1831ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பிறந்த தொடர் இது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதைச் சொல்லாமல் கடைக் கண்ணாடியை மட்டும் காட்டிவிட்டுப் போனால், அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் மறைந்துபோகிறார்கள். நம் ‘கண்துடைப்பு’ இதற்கு இன்னும் நெருக்கமானது என்பேன். அதிலும் யாரோ ஒருவருடைய கண்ணுக்காகத்தானே வேலை நடக்கிறது?

இன்னொன்று, ‘இநேஸ் இறந்துவிட்டாள்’. காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள். இநேஸ் த காஸ்த்ரோ போர்ச்சுகல் இளவரசர் பெத்ரோவின் காதலி. பெத்ரோவின் தந்தையான அரசரின் உத்தரவால் 1355இல் கோயிம்பிராவில் கொல்லப்பட்டாள். இரண்டு ஆண்டு கழித்து அரியணை ஏறிய பெத்ரோ, அவளை முன்பே ரகசியமாக மணந்துகொண்டதாக அறிவித்தார். அல்கொபாசா மடாலயத்தில் இருவருக்கும் கல்லில் கல்லறை எழுப்பினார். என்ன செய்து என்ன? ஆங்கிலத்தில் இதற்கு இணை, குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுவது. நமக்குக் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இரண்டும் பிந்தியவனைக் குறை சொல்கின்றன. போர்ச்சுகீசியத் தொடரில் இழப்பு மட்டுமே இருக்கிறது. கடை சாத்திய பிறகு மூச்சிரைக்க ஓடி வருகிறவரிடமும் இதைச் சொல்லலாம் என்பதையும் விளக்குகிறவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் இதைச் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கிவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கப்பல் பார்த்துக்கொண்டு நிற்பது’. எதிர்பார்த்தது கிடைக்காமல் ஏமாந்து நிற்பவனைச் சொல்வது. 1578இல் மொராக்கோப் போர்க்களத்துக்குப் போன போர்ச்சுகலின் இளம் அரசர் செபஸ்தியாவ் திரும்பவில்லை. அவர் ஒருநாள் வருவார் என்று நம்பியவர்கள் லிஸ்பனில் சாந்தா கதரினா மேட்டில் ஏறி, தேஜு ஆற்றில் வரும் கப்பல்களைப் பார்த்தபடி நின்றார்களாம். இந்தத் தொடருக்குச் சொல்லப்படும் கதைகளில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் இதற்கு இணையாகக் காட்டப்படுவது, நீர் வற்றித் தரைதட்டிப்போன கப்பலின் நிலை. கவனியுங்கள், ஆங்கிலத்தில் ஏமாந்தவனே கப்பல். போர்ச்சுகீசியத்தில் அவன் கரையில் நிற்கிறான், கப்பல்கள் அவனைக் கடந்து போகின்றன. நமக்கோ இலவு காத்த கிளி. காத்திருத்தல் என்ற அந்த ஒன்றினால் கிளிதான் லிஸ்பன்காரனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதே 1578இல்தான் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. போர்ச்சுகீசியரிடமிருந்து ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று வீட்டுச் சாமான்களின் பெயர்களை நாம் வாங்கிக்கொண்டோம். அவை இன்று நம் சொற்களாகவே ஆகிவிட்டன. ஆனால் கப்பல் பார்த்து நின்றவனும் இநேசும் நம் பேச்சுக்குள் வரவில்லை. பொருளோடு பெயர் வந்துவிடும். மரபுத்தொடர் வர வேண்டுமானால், அதற்குள் இருக்கும் கதையை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஆகவே, மொழி கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும், இணைத்தொடர்ப் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இரண்டு பத்திகளோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, இந்தத் தொடரை யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்.