படகில் பீர் உண்டா?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில் "அமெரிக்காவில் ஒரு பொறியாளரின் அனுபவங்கள்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அதற்குக் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். நேற்று ராத்திரி விடுதி மொட்டை மாடியில் எங்கள் செட் கூடியது. அடுத்த வருஷம் பத்துப் பன்னிரண்டு பேர் குடும்பத்தோடு ஃப்ளோரிடா வருவதாக முடிவாயிற்று. ரொம்ப சந்தோஷம். என்னிடம் ஒரு மீன்பிடிப் படகு இருக்கிறது என்று தெரிந்தவுடனே முதல் கேள்வி வந்தது. என்ன மீன் கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "டேய், படகுல பீர் உண்டாடா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் போய்ப் படுத்தபின் தூக்கம் வரவில்லை. காலையில் தலைப்பை மாற்றிக்கொண்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நான் குடியிருப்பது ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பாவில். அந்த மாநிலத்தில் மட்டும் பதிவான படகுகள் சுமார் பத்து லட்சம். நம்மூரில் வாசலில் ஸ்கூட்டர் நிற்பது போல அங்கே டிரெய்லர் மேல் படகு நிற்கும். என்னுடையது 22 அடி. பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார், நடுவில் ஸ்டியரிங், ஓரத்தில் தூண்டில் கோல் செருக ஓட்டைகள், ஒரு ஐஸ் பெட்டி. அவ்வளவுதான். அக்டோபர், நவம்பரில் கரையோரமாகக் கிங்ஃபிஷ் வரும். நம் வஞ்சிரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. துண்டு போட்டு மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் நாக்குக்கு வித்தியாசமே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கடலில் தூண்டில் போட நான் ஆண்டுக்கு 17 டாலர் கட்டி உரிமம் வாங்க வேண்டும். அதே கடலில் மணிக்கு 40 மைல் வேகத்தில் படகு ஓட்ட எனக்கு எந்த உரிமமும் வேண்டாம்! 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டும் ஒரு பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை வாங்க வேண்டும். நான் அதற்கு முன்பே பிறந்துவிட்ட புண்ணியவான்.

குடி விஷயத்தில் மட்டும் சட்டம் இப்படிக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. உல்லாசப் படகு ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் சாராயம் இருந்தால் குற்றம். அவர்கள் எழுதும் கணக்கில் 0.08. மத்திய அரசின் எல்லையும் அதுதான், ஃப்ளோரிடாவின் எல்லையும் அதுதான். 21 வயது ஆகாதவர் என்றால் ஃப்ளோரிடாவில் 0.02-ஐத் தொடவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்க அழைத்துப் போகும் வாடகைப் படகின் கேப்டனுக்கு மத்திய விதி இன்னும் கறார்: 0.04. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சாலைக்கு வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம், அதாவது 0.03. அந்த மட்டில் நம் சட்டம்தான் கண்டிப்பு. அமல் செய்வதைப் பற்றி இந்த மேடையில் நான் பேசவில்லை.

பொறியியல் படித்தவர்கள் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 355 மில்லி பீர் கேன் ஒன்றில் சுமார் 14 கிராம் சாராயம். எழுபது கிலோ எடையுள்ள ஆண் இரண்டு மணி நேரத்தில் நாலு கேன் குடித்தால் ஏறத்தாழ அந்த எல்லைக்கு வந்துவிடுவான். கல்லீரல் அதைக் கரைப்பது மணிக்குச் சுமார் 0.015 வீதம்தான். கறுப்புக் காபி, மோர், எலுமிச்சைச் சாறு எதைக் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. நம் விடுதி வைத்தியமெல்லாம் செல்லாது.

முதல் முறை பிடிபட்டால் ஃப்ளோரிடாவில் 500 முதல் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அளவு 0.15-ஐத் தொட்டாலோ, படகில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தாலோ அபராதம் 1000 முதல் 2000 டாலர், சிறை ஒன்பது மாதம் வரை. சோதனைகூட வேறு மாதிரி. ஆடுகிற படகில் கோட்டின்மேல் நடந்து காட்டு என்று சொல்ல முடியுமா? அதனால் உட்கார வைத்தே பார்க்கிறார்கள். விரலால் மூக்கைத் தொடு, ஒரு கையின் மேல் மறுகையைத் திருப்பித் திருப்பித் தட்டு என்பார்கள். குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். குடித்தவனுக்கு வராது.

இன்னொரு நுணுக்கம். "நான் ஸ்டியரிங்கையே தொடவில்லை, நண்பன்தான் ஓட்டினான்" என்று படகுக்காரன் எளிதில் தப்பிக்க முடியாது. படகை இயக்குவது என்ற சொல்லுக்கு அந்த மாநிலச் சட்டம் கொடுக்கும் பொருள் விரிவானது. படகின் பொறுப்பில் இருப்பது, அதற்குத் தலைமை ஏற்பது, ஓடும்போது அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஓடுவது என்பதற்கும் கடல் விதியில் தனிப் பொருள் உண்டு. நங்கூரம் போடாமல், கரையில் கட்டாமல், தரை தட்டாமல் இருக்கிற படகு எல்லாமே ஓடும் படகுதான். எஞ்சினை அணைத்துவிட்டு அலையோடு மிதந்தபடி தூண்டில் போட்டாலும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்!

1993 மார்ச் 22. நான் ஆர்லாண்டோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கிளெர்மாண்ட் ஊரில் ஒரு சின்ன ஏரி, லிட்டில் லேக் நெல்லி. கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணியின் மூன்று பந்து வீச்சாளர்கள், அன்று பயிற்சி இல்லாத நாள், இருட்டிய பிறகு மீன் பிடிக்கப் படகில் கிளம்பினார்கள். வேகமாகப் போன படகு ஏரிக்குள் நீண்டிருந்த படகுத்துறையில் மோதியது. ஸ்டீவ் ஓலின் அந்த இடத்திலேயே இறந்தார். படகை ஓட்டிய டிம் க்ரூஸ் மறுநாள் இறந்தார். பாப் ஓஹெடா தலையில் பலத்த காயத்தோடு பிழைத்தார். க்ரூஸின் ரத்தத்தில் 0.14, அன்றைய எல்லை 0.10. இறந்த இருவருக்கும் ஆளுக்கு மூன்று குழந்தைகள். ஊரே அதைத்தான் பேசியது. எனக்கு அப்போது படகு கிடையாது. பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

பிறகு 2016 செப்டம்பர் 25. மயாமி அணியின் ஹோசே ஃபெர்னாண்டஸ், வயது 24. கியூபாவிலிருந்து பதினைந்து வயதில் படகில் தப்பி வரும்போது யாரோ கடலில் விழுந்ததைப் பார்த்துக் குதித்தவர். நீந்திப் போய்ப் பிடித்தால் அது அவருடைய தாய்! அப்படித் தாயைக் கடலிலிருந்து மீட்ட பிள்ளை, தன்னுடைய 32 அடி மீன்பிடிப் படகு விடியுமுன் மயாமி துறைமுக வாயிலின் கற்சுவரில் மோதியதில் இரண்டு நண்பர்களோடு இறந்துபோனார். ரத்தத்தில் 0.147. போதைப் பொருளும் இருந்தது. ஓட்டியவர் அவரே என்று 2017-இல் மாநில விசாரணை முடிவு சொன்னது.

இதெல்லாம் ஓட்டியவன் குடித்த கதை. "நீதான் குடிக்க மாட்டியே, அப்புறம் என்ன?" என்று நேற்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஃப்ளோரிடாவில் படகுப் பயணி பீர் குடிப்பது குற்றமே அல்ல. சட்டம் ஓட்டுபவனைத்தான் பார்க்கிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது சொல்லப் போவதை, பெயர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்பந்தப்பட்டவன் அனுமதி கொடுத்திருக்கிறான். அவன் இந்த அரங்கில் இருக்கிறானா இல்லையா என்பதையும் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

2007 அக்டோபர். என் விடுதி அறைத் தோழன் அலுவலக வேலையாக அமெரிக்கா வந்தவன், சனி ஞாயிறு என் வீட்டுக்கு வந்தான். கிராமத்துக் கிணற்றில் மேலிருந்து குதித்து நீச்சல் பழகியவன். நம் கல்லூரி நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கியவன். அவன், நான், என் பக்கத்து வீட்டுக்காரர், மூன்று பேரும் கிளம்பினோம். ஐஸ் பெட்டியில் பாதி இரை, பாதி பீர். நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தோம். அவன் ஐந்தாவதோ ஆறாவதோ கேனில் இருந்தான். சின்னப் படகில் கழிப்பறை கிடையாது, புரிந்துகொள்ளுங்கள். பின்பக்கம் போய் நின்றான். தூரத்தில் போன பெரிய படகு எழுப்பிய அலை வந்து எங்கள் படகை ஒரு ஆட்டு ஆட்டியது. விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், அவன் நின்ற இடம் காலி.

பதினைந்து அடி தள்ளித் தலை தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. மிதவைத் தலையணையை வீசினேன், கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது, அவன் பிடிக்கவில்லை. கோப்பை வாங்கியவன் கையை அடிக்கவே இல்லை! மோட்டாரைப் போட்டால் சுழலும் விசிறி அவன் காலை வெட்டிவிடும் என்று பயம். பக்கத்து வீட்டுக்காரர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குதித்து அவனைப் பிடித்து இழுத்து வந்தார். ஏணியில் கால் வைக்க அவனால் முடியவில்லை. எண்பத்தைந்து கிலோ உடம்பை நான் மேலிருந்து இழுக்க, அவர் கீழிருந்து தள்ள, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உதடு நீலமாக இருந்தது. ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டேன். கரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரலில் தண்ணீர் போனதால் இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி.

கரையில் அதிகாரி என்னை ஊதச் சொன்னார். பூஜ்யம். "உங்கள் மேல் தவறு ஒன்றும் இல்லை, சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவன் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். இங்கே விடியற்காலை இரண்டரை மணி. முழுக்கக் கேட்டார்கள். அழவில்லை, திட்டவில்லை. "அண்ணா, நீங்க கூட இருக்கீங்கன்னுதானே நான் நிம்மதியாத் தூங்கினேன்" என்று மட்டும் சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பதினெட்டு, பத்தொன்பது வருஷத்திலும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் சொன்னான்: "வெளிச்சம் எந்தப் பக்கம்னே தெரியலடா. கீழ்ப்பக்கத்தை மேல்னு நினைச்சு நீந்தியிருக்கேன்." டாக்டர் விளக்கினார். உடம்பை நிலைநிறுத்தும் கருவி உள்காதில் இருக்கிறது. சாராயம் முதலில் கலைப்பதில் அதுவும் ஒன்று. தரையில் என்றால் தள்ளாடுவோம், சுவரைப் பிடிப்போம். தண்ணீருக்குள் சுவர் ஏது? அதோடு நாலு மணி நேர வெயில், காற்று, எஞ்சின் சத்தம், ஓயாத ஆட்டம், இவையே பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவனையும் மந்தமாக்கிவிடும். அதன் மேல் பீர் ஏறினால் வீட்டில் தாங்குகிற அளவு அங்கே தாங்காது.

காரில் ஓட்டுபவன் குடிக்காமல் இருந்தால் பின்சீட்டுக்காரன் குறட்டை விட்டுக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். படகின் பின்சீட்டுக்குக் கதவு கிடையாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். சாவுக்குத் துணை போனதாகத் தெரிந்த காரணங்களில் முதலிடம் மதுவுக்கு, 79 உயிர். காரணம் தெரிந்த சாவுகளில் முக்கால்வாசி தண்ணீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. ஜாக்கெட் பெரும்பாலும் படகிலேயேதான் இருந்திருக்கும், இருக்கைக்கு அடியில். எங்களுடையதும் அங்கேதான் இருந்தது.

அன்றிலிருந்து என் படகில் ஐஸ் பெட்டி மீனுக்கு மட்டும். ஓட்டுபவனுக்கும் இல்லை, உட்காருபவனுக்கும் இல்லை. ஏறும்போதே ஜாக்கெட் மாட்ட வேண்டும். நான் தவறி விழுந்தால் எஞ்சினை எப்படி நிறுத்துவது, ரேடியோவில் எப்படிக் கூப்பிடுவது என்று இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன். 26 அடிக்குக் குறைந்த படகு வேகமாக ஓடும்போது, ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமும் வந்துவிட்டது. நண்பர்கள் சிலர் என் படகுக்கு மதுவிலக்குப் படகு என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பேர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். வருத்தம்தான், அதற்காக விதியை மாற்றவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் மேல்படிப்புக்கும் வேலைக்கும் அந்தப் பக்கம் வரப் போகிறீர்கள். ஜூலை 4 விடுமுறையில் மேனேஜர் படகுக்குக் கூப்பிடுவார். மறுத்தால் மரியாதை இல்லையோ என்று தோன்றும். கையில் கேனைக் கொடுத்தால் வாங்காவிட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்றும் தோன்றும். எனக்கும் தோன்றியது. நீந்தத் தெரியாது என்றால் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். யார் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். அவர் கையில் கேன் இருந்தால், வயிறு சரியில்லை என்று பொய் சொல்லியாவது கரையிலேயே நின்றுவிடுங்கள். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

என் செட்டுக்கு: அடுத்த அக்டோபரில் வாருங்கள், கிங்ஃபிஷ் வரும் நேரம். ஒரு தடவைக்கு நாலு பேர்தான் ஏற முடியும், முறை போட்டுக்கொள்ளலாம். தொப்பி மட்டும் கொண்டுவந்தால் போதும், ஜாக்கெட் எல்லா அளவிலும் வைத்திருக்கிறேன். கரைக்கு வந்து, படகைக் கழுவி, மீனை வெட்டி, என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்த பிறகு, வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்துகொள்ளுங்கள். சாவிகளை மட்டும் முதலில் என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.