பந்து வேண்டும், பாலு வேண்டாமா?

வெள்ளவத்தைச் சபையோரே! கொட்டாஞ்சேனையிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கிற தம்பிமாரே!

முத்தையா முரளிதரன், நம் முரளியின் பெயரைச் சொன்னால் இந்த மண்டபம் அதிரும். சொல்லுவேன், பொறுங்கள். அதற்கு முன்னால் இன்னொரு பந்துவீச்சாளர். பல்வங்கர் பாலு. 1876இல் தார்வாரில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய சாதி. புனே ஜிம்கானாவிலே மாதம் நாலே நாலு ரூபாய்க்கு ஆடுதளம் உருட்டிய பொடியன்! வலைப்பயிற்சிக்குப் பந்து போடச் சொன்னார்கள். இடது கை சுழன்றது. கிரேக் என்ற வெள்ளைக்காரர், தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தரமும் எட்டணா கொடுப்பாராம். தட்டுங்கள், அந்த எட்டணாவுக்குத் தட்டலாம்!

இந்துக்களின் அணிக்கு ஐரோப்பியரை வெல்ல ஆசை வந்தது, பாலுவைச் சேர்த்தார்கள். மைதானத்திலே அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் நேரத்திலே? வெளியே, தனியாக, மண்கோப்பையிலே! கை பட்ட பந்துக்குத் தீட்டில்லை, வாய் பட்ட கோப்பைக்குத் தீட்டு! எந்தச் சாத்திரத்திலே ஐயா இருக்கிறது இது?

போன கிழமை வேறொரு மேடையிலே ஒரு பெரியவர், விளையாட்டிலே சாதியைப் பேசாதீர்கள் என்றாராம். பெரியவரே, பேசாமல் இருந்தால் யாருக்கு வசதி? கோப்பையை உள்ளே வைத்துக் குடித்தவனுக்கு வசதி! வெளியே நின்றவன் பேசத்தான் செய்வான்!

சரி, முரளி! 1995இலே மெல்பேணில் பந்தே செல்லாது என்றார்கள். 2010இலே காலியில் 800 டெஸ்ட் விக்கெட்! உலகத்திலே வேறு ஒருவரும் தொடாத எண்! ஆனால், நம் தமிழ் யூனியனில் ஆடிய அந்தப் பிள்ளை, ஒரு டெஸ்டுக்கும் இலங்கைக்குத் தலைவராக நிற்கவில்லை. காரணம் நான் சொல்ல வரவில்லை. பாலுவுக்குத் தலைமை கிடைக்காத காரணம் எனக்குத் தெரியும்.

1911இலே இந்திய அணி பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போனது. மகாராஜா விருந்துகளுக்குப் போனார்; பாலு பந்து போட்டார். 114 விக்கெட்! திரும்பி வந்தவருக்கு இந்துக்களின் அணித் தலைமையைக் கொடுத்தார்களா? இல்லை! வருஷம் வருஷமாக இல்லை! 1920இலே தம்பிமார் சிவராமும் விட்டலும் ஆடமாட்டோம் என்று விலகி நின்ற பிறகுதான் உபதலைவர் பதவி வந்தது. உப! 114 விக்கெட்டுக்கு ஓர் உப!

1923இலே தம்பி விட்டல் தலைவரானார். ஐரோப்பியரை வென்றார். மேல்சாதிக்காரரே அவரைத் தோளிலே தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது, ஆட்டம் முடிந்துவிட்டது. தட்டுங்கள் சபையோரே! தம்பிக்கு அன்றைக்கே தட்டியாயிற்று, இது அண்ணனுக்கு!